ஏத்தாப்பூரில் பறக்கவிட்ட குளவி

சேலத்தில் இருந்து ஆத்தூர் போகும் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்திருந்தால் இதைப் பார்த்திருப்பீங்க. ரோட்டோரம் சேகோ ஃபேக்டரிகள், அவற்றின் களங்களில் வெயிலில் காயும் வெள்ளை வெளேர் மாவு. தூங்கிட்டே போயிருந்தாலும் அந்தப் புளிச்ச வாசனை மூக்கில் ஏறாமல் இருந்திருக்காது. இரண்டு பக்கமும் வயலில் நிற்பது மரவள்ளி, நம்ம பேச்சு வழக்கில் குச்சிக்கிழங்கு. வாழப்பாடி தாண்டினால் ஏத்தாப்பூர். அங்கே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கு. 2022 மார்ச் மாதம் அந்த நிலையத்தில் ஒரு குளவியைப் பறக்கவிட்டாங்க. நீளம் 2 மில்லிமீட்டர்கூட இருக்காது. பெயர் அனாகைரஸ் லோபெசி.

இது பூச்சியியல் பாடம் இல்லை. நம்ம இரண்டாம் வருஷக் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரும், டிஃபரன்ஷியல் ஈக்குவேஷனும் நம்ம ஊர்க் கிழங்கு வயலில் எப்படி வேலை செய்யுது என்பதுதான் விஷயம். இந்த மாதிரி ஆராய்ச்சிக்கு யார் காசு கொடுக்கணும் என்ற கேள்வியும் அதோடு சேர்ந்தே வரும்.

முதலில் தொழிலின் கதை. இரண்டாம் உலகப் போர் நேரத்தில் மலேயா பக்கம் இருந்து ஜவ்வரிசி வரத்து நின்று போச்சு. 1943 வாக்கில் சேலத்தில் சிலர் மரவள்ளிக் கிழங்கை அரைத்து, பாலை வடிகட்டி, படிந்த மாவை உருட்டி வறுத்துக் குடிசைத் தொழிலாகவே ஆரம்பித்தாங்க. அன்றைக்கு இன்றைய வார்த்தையில் சொன்னால் அது ஒரு 'ஸ்டார்ட்அப்'. 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவு அமைப்பு வந்தது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இதற்கு நடுவில், திருவனந்தபுரத்தில் 1963-இல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் எச்-165, எச்-226 போன்ற ரகங்களை 1971-இல் வெளியிட்டது. சேகோ ஃபேக்டரிக்குக் கிழங்கு போதுமான அளவு கிடைத்ததில் அந்த ரகங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

2020-இல் கேரளாவில் திருச்சூர் பக்கம் ஒரு புது மாவுப்பூச்சி கண்டுபிடிக்கப்பட்டது. ஃபெனகாக்கஸ் மேனிஹோட்டி, அதாவது மரவள்ளி மாவுப்பூச்சி. கொஞ்ச நாளிலேயே சேலம், நாமக்கல் வயல்களுக்கும் வந்துவிட்டது. கொழுந்தில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும். இலை சுருண்டு, கணு நெருங்கி, செடியின் உச்சி முட்டைக்கோஸ் மாதிரி சுருண்டுக்கும். ஆப்பிரிக்காவில் இந்தப் பூச்சியால் 80 சதவீதம் வரை மகசூல் போனதாகப் பதிவு இருக்கு.

இதில் ஒரு பயங்கரமான விஷயம், இந்த இனத்தில் எல்லாமே பெண்தான். ஆண் தேவையே இல்லாமல் முட்டை வைக்கும், ஒன்று சுமார் 400 முட்டை. ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய ஒரு மாசம். ஒரு கணக்குக்காக, நூறில் பத்துதான் பிழைக்குதுன்னு வைங்க. ஒரு பூச்சி 40 ஆகும், 40 என்பது 1,600 ஆகும், மூணாவது மாசம் 64,000. மரவள்ளி பத்து மாசப் பயிர். தவிர அடுத்த போகத்துக்கு நடுவது இந்தச் செடியின் குச்சியைத்தான். பூச்சி ஒட்டியிருக்கும் குச்சி ஒரு கட்டு பக்கத்து ஊருக்குப் போனால் பூச்சியும் டிக்கெட் இல்லாமல் கூடவே போகும்.

மருந்து அடிக்கலாமேன்னு தோணும். எல்லாருக்கும் முதலில் அதான் தோணும். அதனால்தான் இந்தக் கணக்கு.

கொழுந்து ஒன்றுக்கு இருக்கும் மாவுப்பூச்சியின் எண்ணிக்கை 'மா', குளவியின் எண்ணிக்கை 'கு' என்று வைப்போம். மாவுப்பூச்சி தன் போக்கில் 'அ' வேகத்தில் பெருகுது. குளவி அதைச் சந்திக்கும்போது 'ஆ' வேகத்தில் குறையுது. குளவி இரை இல்லாட்டி 'இ' வேகத்தில் சாகுது, இரை கிடைத்தால் 'ஈ' வேகத்தில் பெருகுது. அப்போ,

மா மாறும் வேகம் = மா × (அ − ஆ × கு)
கு மாறும் வேகம் = கு × (ஈ × மா − இ)

இது லோட்கா-வோல்டெரா சமன்பாடு. 1925, 1926-இல் இரண்டு பேர் தனித்தனியாகக் கண்டுபிடித்தது. வோல்டெரா இத்தாலியக் கணித மேதை. ஏட்ரியாட்டிக் கடலில் போர்க்காலத்தில் மீன்பிடிப்பு குறைந்தபோது வேட்டை மீன்களின் விகிதம் ஏன் கூடிச்சுன்னு அவருடைய மருமகன் கேட்ட கேள்வியில் இருந்து அவர் இதுக்கு வந்தார்.

இரண்டு வேகத்தையும் பூஜ்ஜியம் ஆக்கிப் பாருங்க. மா = இ ÷ ஈ, கு = அ ÷ ஆ. மாவுப்பூச்சி எங்கே நிற்கும் என்பதை மாவுப்பூச்சி தீர்மானிக்கலை, குளவியின் குணங்கள் தீர்மானிக்குது. கற்பனை எண் போட்டுப் பார்ப்போம். அ = 0.2, ஆ = 0.05, இ = 0.1, ஈ = 0.01. அப்போ மாவுப்பூச்சி 10, குளவி 4.

இப்போ மருந்து அடிக்கிறோம். அது இரண்டையும் ஒரே வேகத்தில், 0.1 என்று, கொல்லுதுன்னு வைங்க. அ என்பது 0.1 ஆகக் குறையும். இ என்பது 0.2 ஆகக் கூடும். மறுபடி போட்டால் மாவுப்பூச்சி 20, குளவி 2. மருந்து அடித்த வயலில் பூச்சி சராசரியாக இரண்டு மடங்கு! முதல் தடவை இந்த விடை வந்தபோது நான் தப்பாப் போட்டுட்டேன்னு நினைத்துத் திரும்பப் போட்டேன். தப்பு இல்லை. இதுக்கு வோல்டெரா தத்துவம் என்றே பெயர்.

'மருந்தின் வேகம் அ-வைவிடக் கூட இருந்தால் பூச்சி மொத்தமா ஒழிந்துடுமே' என்று கேட்பீங்க. கேட்கணும். கணக்குப்படி சரிதான். ஆனா மாவுப்பூச்சியின் உடம்பு மேல் மெழுகுப் பூச்சு இருக்கு, அது சுருண்ட கொழுந்துக்குள் ஒளிஞ்சிருக்கு, அவ்வளவு சுலபமா மருந்து எட்டாது. குளவி வெளியே பறக்குது, உடனே மாட்டும். நிஜத்தில் அடி சமமா விழாது, குளவிக்குத்தான் அதிகம். 1940-களில் கலிஃபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களில் டிடிடி அடித்தபோது இதேதான் நடந்தது. அரை நூற்றாண்டாக அடங்கிக் கிடந்த செதில் பூச்சி, அதைத் தின்னும் பொறிவண்டு செத்ததும் திரும்பக் கிளம்பிச்சு.

நம்ம பாஷையில் மருந்து என்பது ஓப்பன் லூப். வயலில் என்ன நடக்குதுன்னு தெரியாமல் கொடுக்கும் இன்புட். குளவி க்ளோஸ்டு லூப். இரை கூடினால் தானாகக் கூடும், குறைந்தால் குறையும். ஆனா ஒரு தாமதம் உண்டு. குளவி முட்டை வைத்து அடுத்த குளவி வெளியே வரும்வரை பூச்சி பெருகிட்டேதான் இருக்கும். அந்த வாரங்களில் வயலைப் பார்த்துட்டுச் சும்மா இருப்பது விவசாயிக்கு எவ்வளவு கஷ்டம்னு யோசிங்க. அவருடைய ஒரு வருஷ வருமானம் அங்கே நிற்குது. மாடல் சொல்லாத விஷயங்களும் இருக்கு. மழை பெய்தால் பூச்சி குறையும், கோடையில் ஏறும். பூச்சி விடும் இனிப்புத் திரவத்துக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கும், குளவியைக் கிட்டவே விடாது.

சரி, இந்தக் குளவி எங்கிருந்து வந்தது? 1970-களில் இதே மாவுப்பூச்சி ஆப்பிரிக்காவில் நுழைந்தது. கிழங்குதான் அங்கே கோடிக்கணக்கான பேருக்குச் சோறு. நைஜீரியாவின் இபாடானில் இருக்கும் பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனத்தில் ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் வேலை பார்த்தார். மரவள்ளியின் தாய்வீடு தென் அமெரிக்கா என்பதால் பூச்சியின் எதிரியும் அங்கேதான் இருக்கணும் என்று தேடினாங்க. முதலில் வட தென் அமெரிக்காவில் அச்சு அசலா ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது. அதன் எதிரிகளைக் கொண்டுவந்தால் ஆப்பிரிக்கப் பூச்சியிடம் வேலைக்கு ஆகலை. காரணம், அது வேறு இனம், அதில் ஆண்கள் இருந்தன. உருவம் ஒத்துப் போனதால் ஏமாந்து போச்சு. 1981-இல் டோனி பெலோட்டி என்ற ஆய்வாளர் பராகுவேயில் சரியான பூச்சியைக் கண்டுபிடித்தார். அதன் உடம்புக்குள் முட்டையிடும் குளவிதான் நம்ம லோபெசி. அதே வருஷம் நைஜீரியாவில் முதல் வெளியீடு. ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு.

தாய்லாந்துக்கு 2008-இல் பூச்சி வந்தபோது அவங்க ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் இருந்து குளவியை வாங்கினாங்க. நம்ம நாட்டுக்கும் அதே பெனினில் இருந்துதான் வந்தது. பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளப் பணியகம் தனிமைப்படுத்திய ஆய்வகத்தில் வைத்து, நம்ம ஊரின் மற்ற நல்ல பூச்சிகளுக்கு ஆபத்து இல்லையான்னு சோதித்து, பெருக்கி, அப்புறம்தான் ஏத்தாப்பூருக்கு அனுப்பியது. அவங்களுக்கு இது முதல் தடவையும் இல்லை. 2008-இல் கோயம்புத்தூரில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மல்பெரி, மரவள்ளி வரைக்கும் பரவியபோது, 2010-இல் போர்ட்டோ ரிக்கோவில் இருந்து அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற இன்னொரு குட்டிக் குளவியைக் கொண்டுவந்து அடக்கினாங்க.

இப்போ காசு விஷயம். நாமக்கல் முட்டைக் கோழியை எடுத்துக்குங்க. பி.வி. 300 மாதிரி இனக் குஞ்சு, தடுப்பூசி, தீவனக் கலவை, எல்லாம் விலைக்கு விற்கும் பொருள். கோழிப்பண்ணைக்காரர் ஒவ்வொரு தொகுதிக்கும் திரும்ப வாங்கணும். அதனால் கம்பெனியே ஆராய்ச்சிக்குச் செலவு பண்ணும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கபலமா இருக்கு, ஆனா தனியாகத் தாங்கலை.

மரவள்ளியில் எதை விற்பீங்க? குச்சி விவசாயி வயலிலேயே இருக்கு. நல்ல ரகம் வந்தால் ஒருத்தர் வாங்கி, அடுத்த வருஷம் ஊரே நடும். குளவி அதைவிட மோசமான பிசினஸ். ஒரு தடவை விட்டால் போதும், தானாகவே பெருகிக்கும். காசு கொடுத்தவர் வயலில் விட்டது கொடுக்காதவர் வயலுக்கும் பறக்கும், அதுக்கு வரப்பு தெரியாது. நல்லா வேலை செய்தால் அடுத்த வருஷம் ஆர்டரே வராது! எந்தக் கம்பெனியின் கணக்குப்பிள்ளையும் இதற்குக் கையெழுத்துப் போட மாட்டார். மருந்துக்கு மட்டும் டீலர், விளம்பரம், சுவர் எழுத்து எல்லாம் இருக்கு. விவசாயி காதில் எது முதலில் விழும்? அதனால்தான் இந்த மாதிரி வேலை அரசு ஆராய்ச்சி நிலையத்தின் தலையில் விழுது. அங்கே ஒரு பூச்சியியல் பணியிடம் காலியா இருந்தால் அதை அலுவலக விஷயமா மட்டும் பார்க்காதீங்க, அடுத்த பூச்சி வரும்போது அந்த நாற்காலியில் யாரும் இருக்க மாட்டாங்க.

நம்ம ஆளுங்களுக்கு ஒன்று சொல்லணும். ஒவ்வொரு வருஷமும் ப்ராஜெக்ட் எக்ஸ்போவில் நாலு டீமாவது மருந்தடிக்கும் ட்ரோன் கொண்டுவருது. பறக்கும், கைதட்டுவோம். குளவி விட்டிருக்கும் மரவள்ளி வயலில் அது ஓப்பன் லூப்பை இன்னும் வேகமாக்கும் மெஷின், அவ்வளவுதான். ஆனா குளவி வளர்க்கும் அறையில் வெப்பமும் ஈரப்பதமும் மாறாமல் பார்த்துக்கணும். 2 மில்லிமீட்டர் உயிரை எண்ணணும். சூடு தாக்காமல் பெங்களூருவில் இருந்து வயல் வரை கொண்டுவரணும். இது அத்தனையும் நம்ம வேலை. எக்ஸ்போவில் இதுவரை ஒரு டீம்கூட இதைத் தொட்டு நான் பார்க்கலை.

லீவில் ஊருக்குப் போறவங்க மரவள்ளி வயல் கிடைத்தால் இருபது செடியின் கொழுந்தை மெதுவா பிரித்துப் பாருங்க. வெள்ளையா, மெழுகோட இருப்பது உயிருள்ள மாவுப்பூச்சி. நடுவில் பழுப்பு நிறத்தில், உப்பி, தொட்டால் கெட்டியா இருப்பது குளவி உள்ளே வளரும் பூச்சி. அதில் வட்டமா ஒரு ஓட்டை இருந்தால் குளவி வெளியே போயாச்சு. எத்தனைக்கு எத்தனை என்று எழுதிக்குங்க. பழுப்பு நிறையத் தெரிந்தால் அந்த வயல்காரரிடம், "அண்ணா, மருந்து கொஞ்சம் பொறுத்து அடிக்கலாமா? ஏத்தாப்பூரில் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்" என்று சொல்லுங்க. எண்ணின பேப்பரையும் அவர் கையில் கொடுத்துட்டு வாங்க.