வீடு கட்டும் வேலையும் பருவநிலையும்

வீடு கட்டுதல் ஒரு குடும்பத்திற்குப் பெரும்பாலும் வாழ்நாளில் ஒரு முறையே வாய்க்கும் செயலாகும். பல ஆண்டுச் சேமிப்பும் வாங்கிய கடனும் அதில் செலவாகின்றன. அவ்வேலை மழையாலோ வெயிலாலோ கெட்டால், மீண்டும் கட்டுவதற்குக் கையில் பொருள் இருப்பதில்லை. ஆயினும் இக்கேடுகளுள் பெரும்பாலானவை தடுக்கக்கூடியவையே. ஆகாத நேரத்தில் நீர் மிகுவதாலும், வேண்டிய நேரத்தில் நீர் குறைவதாலுமே அவை நேர்கின்றன.

எடுத்துக்காட்டாக, மகாராட்டிரத்தின் விதர்ப்பப் பகுதியில் பருத்தி பயிரிடும் ஒரு குடும்பத்தைக் கருதுக. பருத்தி விற்ற பணம் முழுவதும் கைக்கு வந்த பின், பிப்ரவரியில் கடைக்கால் தோண்டப்படுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் சுவர் எழும்புகிறது. கூரைத்தளம் இடும் நாள் ஜூனுக்குத் தள்ளிப்போகிறது. தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1 ஆம் நாளையொட்டிக் கேரளத்தை அடைந்து, ஜூன் நடுவில் விதர்ப்பத்தை எட்டுகிறது. ஆகவே அக்குடும்பத்தின் சுவர் கடுங்கோடையிலும், தளம் முதல் மழையிலும் அகப்படுகின்றன.

கடைக்கால்

விதர்ப்பத்தில் கரிசல் நிலம் பரந்து கிடக்கிறது. கரிசலிலுள்ள களி நீரை உட்கொண்டு உப்பும். கோடையில் சுருங்கி வெடிக்கும். ஆழமின்றித் தோண்டிய கடைக்கால் மண்ணோடு சேர்ந்து ஏறி இறங்கும். வீட்டின் அடியில் ஈரம் எங்கும் ஒரே அளவில் பரவுவதில்லை. ஆதலால் வாயில், சன்னல் மூலைகளிலிருந்து சாய்வான வெடிப்புகள் தோன்றுகின்றன. 1947 இல் நிறுவப்பட்ட ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம், அடிப்பகுதி குமிழ்போல் அகன்ற கான்கிரீட் தூண்களை இத்தகைய நிலத்திற்கென உருவாக்கியது. பருவந்தோறும் ஈரம் மாறும் மேலடுக்கைக் கடந்து, ஏறத்தாழ 3.5 மீட்டர் ஆழத்தில் அத்தூண்கள் ஊன்றப்படுகின்றன.

எவ்வகைக் கடைக்காலாயினும், தோண்டிய குழியை மழைக்குத் திறந்து வைத்தல் கூடாது. நீர் தேங்கிவிட்டால் அதனை இறைத்து, இளகிய சேற்றை வெட்டி நீக்கி, உறுதியான மண் தெரிந்த பின்னரே கான்கிரீட் இடவேண்டும்.

வெயிலின் கேடு

சிமெண்டு உலர்வதால் இறுகுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. சிமெண்டு நீரோடு இரசாயன முறையில் சேர்ந்தே இறுகுகிறது; அச்சேர்க்கை நிறைவுறுவதற்குப் பல நாட்கள் ஈரம் வேண்டும். வெப்பம் 40 பாகை செல்சியசைக் கடக்கும் மே மாதத்தில், வறண்ட காற்று அந்நீரைக் கவர்ந்துகொள்கிறது. ஊறவைக்காத செங்கல்லும் சாந்திலுள்ள நீரை உறிஞ்சிவிடும். அவ்வாறு கட்டிய சுவரின் சாந்து பிற்காலத்தில் விரலால் சுரண்டினாலே உதிரும்.

ஆகையால் செங்கல்லை நன்கு ஊறவைத்தே கட்டுதல் வேண்டும். கான்கிரீட்டை வெயில் தணிந்த வேளையில் இடுதல் நன்று. வெப்பமும் வறட்சியும் மிகுந்த காலத்தில் 10 நாட்களுக்குக் குறையாமல் அதனை ஈரமாக வைத்திருக்க வேண்டும். சாம்பல் கலந்த சிமெண்டாயின் 14 நாட்கள் வரை நீட்டித்தல் நலம். கிணறுகள் வற்றும் அக்காலத்தில் சுவரின்மேல் ஈரச் சாக்கைப் போர்த்தினால் தண்ணீர்ச் செலவு குறையும்.

மழையின் கேடு

புதிதாக இட்ட தளத்தின்மேல் மழை பெய்தால், மேற்பரப்பிலுள்ள சிமெண்டுப் பால் கழுவப்பட்டு ஓடும். எஞ்சிய கலவையில் நீர் மிகும். மிகுந்த நீர் பின்னர் வெளியேறுமிடத்து நுண்ணிய துளைகள் எஞ்சி, வலிமை குறைகிறது. இதனை மறைப்பதற்காக ஈரத்தின்மேல் வெறும் சிமெண்டைத் தூவித் தேய்ப்பது தவறான பழக்கமாகும். அது மெல்லிய தோலாகப் பின்னர் உரிந்துவிடும்.

தளம் இடும் நாளில், முழுப்பரப்பையும் மூடத்தக்க தார்ப்பாய் முன்கூட்டியே வந்திருக்க வேண்டும். இடையில் மழை வலுத்தால், பொறியாளர் குறித்த இடத்தில் செங்குத்தாகப் பலகை வைத்து வேலையை நிறுத்த வேண்டும். இட்ட பகுதி கழுவப்பட்டுச் சல்லி வெளியே தெரிந்தால், பொறியாளர் பார்வையிடும் வரை மேல்வேலை செய்தலாகாது. நன்கு இறுகிய தளத்திற்கோ மழை பகையன்று. அப்போது அது ஈரம் காக்கும் துணையாகிறது.

மழையால் வேலை நின்றால் சிமெண்டு மூட்டைகளும் கெடும். 3 மாதம் வைத்திருந்த சிமெண்டு தன் வலிமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழக்கக்கூடும். தரைக்குமேல் பலகையிட்டு, சுவரிலிருந்து 30 சென்டிமீட்டர் விலக்கி, 10 மூட்டைக்கு மேற்படாமல் அடுக்குதல் வேண்டும்.

பள்ளியில் செய்யத்தக்க சோதனை

ஈரமணல் உலர்மணலைவிடப் பருத்து நிற்கும். மழைக்காலத்தில் பெட்டி கொண்டு அளக்கும் கொத்தனார் இதனைக் கருதாவிடில், கலவையில் மணல் குறையும்; மணலோடு வந்த நீர் கணக்கில் சேராமையால் நீர் மிகும். மாணவர்க்கு இதனை எளிதில் காட்டலாம். அளவுகோடிட்ட கண்ணாடிக் குவளையில் 200 மில்லிலிட்டர் குறிவரை ஈரமணலை அழுத்தாமல் நிரப்புக. பின்பு மணலை ஒரு தட்டில் கொட்டி, குவளையில் பாதியளவு நீர் ஊற்றி, மணலை மீண்டும் இட்டுக் கலக்கிப் படியவிடுக. மணல் 160 இல் படிந்தால், பருத்த அளவு 40 ஆகும். 40 ஐ 160 ஆல் வகுத்து 100 ஆல் பெருக்கினால் 25 விழுக்காடு கிடைக்கும். அத்தகைய மணலை 4 பெட்டிக்கு 5 பெட்டியாக அளத்தல் வேண்டும்; கலவைக்கு ஊற்றும் நீரையும் குறைத்தல் வேண்டும்.

களப்பணியாளர் கடமை

விதர்ப்பம் போன்ற இடங்களில் நவம்பர், டிசம்பரில் கடைக்காலும், ஜனவரி, பிப்ரவரியில் சுவரும், மார்ச் முடிவிற்குள் தளமும் நிறைவுறுமாறு திட்டமிடுதல் சிறந்தது. அவ்வாறு செய்ய ஊழியரின் துணையும் வேண்டும். 2016 இல் தொடங்கிய பிரதம மந்திரி ஊரக வீட்டுத் திட்டத்தில், வேலை முன்னேறும் படிகளுக்கேற்ப உதவித்தொகை தவணைகளாக அளிக்கப்படுகிறது. சுவரைப் பார்வையிட வருவதில் ஊழியர் செய்யும் இரண்டு வாரத் தாமதம், தளத்தை மழைக்குள் தள்ளிவிடக்கூடும்.

1875 இல் நிறுவப்பட்ட இந்திய வானிலை ஆய்வுத்துறை, மாவட்டந்தோறும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில் எச்சரிக்கை வெளியிடுகிறது. ஒரு நாளில் 64.5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பெய்வது அதன் கணக்கில் கனமழையாகும். தளம் இடும் நாளைக் குறிக்குமுன் அவ்வறிவிப்பைக் குடும்பத்தாருடன் சேர்ந்து படித்துப் பார்ப்பது களப்பணியாளர்க்குச் சில நிமிட வேலையே. அச்சில நிமிடங்கள் ஒரு குடும்பத்தின் பல ஆண்டு உழைப்பைக் காக்கும்.