கதவு திறந்த கதையைப் பார்த்து வா

அன்புள்ள கயலுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய ஊர்சுற்றும் பட்டியலைப் பார்த்தேன். நயாகரா, லாஸ் வேகஸ், டிஸ்னி, கிராண்ட் கேன்யன், யோசெமிட்டி. எல்லாம் நல்ல இடங்கள்தான். கிராண்ட் கேன்யன் விளிம்பில் ஒரு விடியற்காலை நிற்காமல் நீ இந்த நாட்டை விட்டுப் போகவே கூடாது. ஆனால் நீ பத்து நாள் சுற்றிப் பார்க்க வந்தவள் இல்லை. வேலைக்கு வந்திருக்கிறாய், வருடக்கணக்கில் இருக்கப் போகிறாய். இந்த நாட்டுக்குள் நம்மை விட்ட கதவு எப்படித் திறந்தது, அதை யார் தள்ளித் திறந்தார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் இங்கே வாழக் கூடாது என்பது என் எண்ணம். அதைக் காட்டும் இடங்கள் இருக்கின்றன. உன் பட்டியலில் அவற்றில் ஒன்றுகூட இல்லை.

முதலில் ஏஞ்சல் தீவுக்குப் போ. சான் ஹோசேயில் இருக்கும் உனக்கு அது ஒரு நாள் வேலை. சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து படகு போகிறது. நியூயார்க்கின் எல்லிஸ் தீவை எல்லோருக்கும் தெரியும். 1892 முதல் 1954 வரை ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் பேர் வந்திறங்கிய இடம் அது. அவர்களில் பெரும்பாலோர் சில மணி நேரத்தில் வெளியே நடந்து போய்விட்டார்கள். ஏஞ்சல் தீவில் ஆசியர்களுக்கு அப்படி நடக்கவில்லை. 1910 முதல் 1940 வரை, முக்கியமாகச் சீனர்களை, வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் பூட்டி வைத்து விசாரித்தார்கள். சீனத் தொழிலாளர்கள் வரக் கூடாது என்று 1882-இலேயே சட்டம் போட்டாகிவிட்டது. ஆனால் அமெரிக்கக் குடிமகனின் பிள்ளை என்று நிரூபித்தால் உள்ளே வரலாம். அதற்காக அதிகாரிகள் கேட்ட கேள்விகளைப் படித்துப் பார். உன் ஊரில் உங்கள் தெருவில் எத்தனை வீடுகள், உன் வீட்டு வாசலுக்கு எத்தனை படிகள், அரிசிப் பானை எந்த மூலையில் இருக்கும் என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். அப்பாவும் பிள்ளையும் தனித்தனியே சொல்லும் பதில்கள் ஒத்துப்போகாவிட்டால் திரும்பிப் போக வேண்டியதுதான்.

அங்கே அடைபட்டவர்கள் மரச் சுவர்களில் கவிதை செதுக்கினார்கள். இருநூறுக்கும் மேற்பட்டவை இன்றும் இருக்கின்றன. 1970-இல் அந்தக் கட்டடத்தை இடித்துவிடுவதாக இருந்தார்கள். அலெக்சாண்டர் வைஸ் என்ற பூங்காக் காவலர் டார்ச் வெளிச்சத்தில் சுவரைப் பார்த்து, இவை வெறும் கீறல்கள் அல்ல என்று புரிந்துகொண்டு ஆட்களைக் கூட்டி வந்தார். கட்டடம் பிழைத்தது. பெண்கள் தங்கியிருந்த கட்டடம் 1940 தீ விபத்திலேயே போய்விட்டது. அவர்கள் எழுதியதும் அதோடு போயிற்று. எனக்கு அதுதான் ஆறவே இல்லை.

நம்மவர்களும் அந்தத் தீவில் அடைபட்டார்கள், கயல். இந்தியாவிலிருந்து வந்த எத்தனையோ பேரை அங்கிருந்தே கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். 1917-இல் இந்தியர்கள் குடியேற முடியாதபடி சட்டமே வந்துவிட்டது. முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியருக்கு, நீ வெள்ளையன் இல்லை, குடியுரிமை கிடையாது என்று 1923-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1946-இல் மனம் இளகி ஆண்டுக்கு 100 இந்தியர்களை அனுமதித்தார்கள். ஒரு தேசம் முழுவதற்கும் நூறே பேர்! பிறந்த நாட்டை வைத்துத் தடுக்கும் அந்த முறையை 1965-இல்தான் ஒழித்தார்கள். அதிபர் ஜான்சன் அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டது சுதந்திர தேவி சிலையின் காலடியில். நான் எண்பதுகளில் வந்திறங்கியதும், இன்று நீ வந்திருப்பதும் அந்தச் சட்டம் போட்ட வழியில்தான்.

1965-இல் அது தானாக நடக்கவில்லை. கறுப்பின மக்கள் அடிபட்டு, சிறைக்குப் போய், உயிரையும் கொடுத்து நிறத்தை வைத்து மனிதனைப் பிரிக்கும் சட்டங்களை ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டிருந்த காலம் அது. 1964-இல் சிவில் உரிமைச் சட்டம், 1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம், அக்டோபரில் இந்தக் குடியேற்றச் சட்டம். அந்த அலை இல்லாமல் நமக்குக் கதவு திறந்திருக்காது. அதனால்தான் தெற்கே போ என்கிறேன். நம் ஆட்கள் தெற்கு என்றால் ஃபுளோரிடா கடற்கரையோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

மெம்ஃபிஸ் நகரின் லோரெய்ன் மோட்டலில் 306-ஆம் எண் அறைக்கு வெளியே, மாடி வராந்தாவில், 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டார். அந்த மோட்டல் 1991 முதல் அருங்காட்சியகம். எல்லோரும் அந்த வராந்தாவில் வைத்திருக்கும் மலர் வளையத்தைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நீ உள்ளே போய், அவர் எதற்காக அந்த ஊருக்கு வந்தார் என்று பார். துப்புரவுத் தொழிலாளர்களுக்காக வந்தார். அந்தப் பிப்ரவரியில் குப்பை லாரியின் நசுக்கும் இயந்திரத்தில் சிக்கி இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். மழைக்கு ஒதுங்க அவர்களுக்கு வேறு இடம் இல்லை. அதன் பிறகு 1300 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். நானும் மனிதன்தான் என்று எழுதிய அட்டைகளைப் பிடித்துத் தெருவில் நடந்தார்கள். மலக்குழியில் இறங்கிச் சாகிறவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அங்கே நிற்கும்போது அந்த நினைப்பு உனக்கும் வரும். வரட்டும்.

கிங் 1959-இல் இந்தியா முழுவதும் பயணம் செய்தவர். கன்னியாகுமரியில் சூரியன் கடலில் இறங்குவதையும் நிலவு எழுவதையும் பார்த்துவிட்டு, ஊர் திரும்பியபின் தம் தேவாலயச் சபையாரிடம் அதைச் சொல்லியிருக்கிறார். அந்தச் சபை இருந்த மாண்ட்கமரிக்கும் போ. மெம்ஃபிஸிலிருந்து ஒரு நாள் கார்ப் பயணம். செல்மா பாலத்தை வழியில் பார்த்துவிடலாம். வாக்குரிமை கேட்டு நடந்தவர்களை 1965 மார்ச் 7 அன்று போலீஸார் அடித்து வீழ்த்திய இடம். மாண்ட்கமரியில் 2018-இல் ஒரு நினைவிடம் திறந்தார்கள். கும்பல்கள் கொன்ற கறுப்பின மக்கள் 4400-க்கும் மேற்பட்டோர் அங்கே நினைக்கப்படுகிறார்கள். மாவட்டத்துக்கு ஒன்றாக 800-க்கும் மேற்பட்ட இரும்புத் தூண்கள். நுழையும்போது தூண்கள் உன் உயரத்துக்கு நிற்கும். நடக்க நடக்கத் தரை சரிந்து இறங்கும், தூண்கள் தலைக்கு மேலே தொங்கும். அண்ணாந்துதான் பெயர்களைப் படிக்க வேண்டும். அந்த ஒரு நாளில் வேறு எதையும் வைத்துக்கொள்ளாதே.

யோசெமிட்டிக்கு எப்படியும் போவாய். அங்கேயும் அருவியோடு திரும்பிவிடாதே. அந்தப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த பழங்குடிகளை 1851-இல் ஆயுதப் படை துரத்தியது. பார்க் அருங்காட்சியகத்துக்குப் பின்னால் அவர்கள் குடியிருப்பின் மாதிரி இருக்கிறது. பிறகு கோடைக்காலமாக இருந்தால் டியோகா கணவாய் வழியே கிழக்கே இறங்கி, 395-ஆம் எண் சாலையில் தெற்கே போனால் மான்சனார். பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பின், 1942-இல், ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரைக் கையில் தூக்கக்கூடிய மூட்டையோடு கிளப்பி முள்வேலி முகாம்களில் அடைத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். மான்சனாரில் மட்டும் பத்தாயிரம் பேர். புழுதிக் காற்றடிக்கும் அந்தப் பொட்டலில் அவர்கள் குளமும் தோட்டமும் அமைத்தார்கள். மண்ணைத் தோண்டி அவற்றை மீட்டிருக்கிறார்கள். தடுப்பே இல்லாத பெண்கள் கழிவறையை அப்படியே மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்த பெரியம்மா வெகு நேரம் பேசவில்லை. 1988-இல் அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் கொடுத்தது. காவல் கோபுரத்தைக் கட்டிய அதே அரசுதான் இன்று அங்கே தொப்பி போட்ட ரேஞ்சர்களை நிறுத்தி அந்தக் கதையைச் சொல்ல வைக்கிறது. அமெரிக்காவில் நான் மதிக்கும் விஷயம் இதுதான். இப்படிப்பட்ட இடங்களின் தகவல் பலகைகளில் எதை எழுதலாம், எதை எடுக்கலாம் என்று இப்போதும் இங்கே சண்டை நடக்கிறது. அதனால் தள்ளிப் போடாமல் போ.

வாஷிங்டன் வந்தால் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களுக்கு நுழைவுக் கட்டணமே இல்லை. ஒரே நாளில் நான்கைந்து பார்க்க ஆசை வரும். ஒன்று போதும். ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்குப் போ, முன்கூட்டியே நேரம் பதிவு செய்துகொள். மேல்மாடிப் பாட்டும் விளையாட்டும் பிறகு இருக்கட்டும், நிலத்தடித் தளங்களிலிருந்து தொடங்கு. எங்கே போனாலும் ரேஞ்சரிடம் பேசு, தயங்காதே. கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார்கள். நண்பர்கள் வரவில்லை என்றால் தனியாகப் போ.

அப்பா அம்மா வரும்போது மட்டும் என் வீட்டில் ஒரு வாரம் தங்க வை. ஃபிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் மதுரை மதனகோபால சுவாமி கோயிலின் 16-ஆம் நூற்றாண்டு மண்டபத் தூண்கள் நிற்கின்றன. 1912-இல் அடலின் பெப்பர் கிப்சன் என்ற பெண்மணி மதுரையில் வாங்கிக் கப்பலேற்றியவை. 1919-இல் அவர் குடும்பம் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தது. மதுரைக்காரனான உன் அப்பா அந்தத் தூண்களைப் பார்த்து என்ன சொல்வான் என்று கேட்க எனக்கு ஆசை. அவர்கள் வரும் தேதி முடிவானதும் எழுது. நயாகராவுக்கு நீ அழைத்துப் போ, ஃபிலடெல்பியாவுக்கு நான் அழைத்துப் போகிறேன்.

அன்புடன்,
உன் பெரியப்பா