கடவுச்சீட்டு மாறினால் பூர்வீகப் பங்கு போய்விடுமா?

வேடசந்தூர் முதல் நிலக்கோட்டை வரை, நத்தம் முதல் ஒட்டன்சத்திரம் வரை, கிணற்றோடு கூடிய புஞ்சைக்குப் பாகம் பேச உட்காரும் வீடுகளில் ஒரு பேச்சு தவறாமல் வந்துவிடுகிறது. "அவன் அமெரிக்க சிட்டிசன் ஆயிட்டான், இங்க அவனுக்கு ஏது பங்கு? அவன் பேர்ல வந்தா கவர்மெண்ட்டு எடுத்துக்கும்." பங்குக்காரர் மகளாக இருந்தால் குரல் இன்னும் குழைகிறது. "உன் பங்கு சர்க்காருக்குப் போறதுக்கு அண்ணன் பேர்லயே இருக்கட்டுமேம்மா, ஒரு விடுதலைப் பத்திரம் போட்டுக் குடுத்துரு." பங்கு போய்விடும் என்பது உண்மை இல்லை. சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளின் குடியுரிமையை வாங்கினாலும் தகப்பன் விட்டுச்சென்ற நிலத்தில் உள்ள பங்கு போகாது. அரசு அதை எடுத்துக்கொள்வதும் இல்லை. இவ்வளவு எளிய விஷயத்தைப் படித்தவர்கள்கூடத் தப்பாக நம்பிக்கொண்டு, வெளிநாட்டிலிருந்து ஒருவார விடுப்பில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

வதந்தியில் உண்மையான ஒரு துணுக்கு உண்டு. அதுதான் அதற்கு உயிர் கொடுக்கிறது. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் 9ஆம் பிரிவின்படி, தானே விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெறுபவரின் இந்தியக் குடியுரிமை முடிந்துபோகிறது. இந்திய பாஸ்போர்ட்டும் ஓட்டும் அதோடு போகின்றன. நிலம் ஏன் போக வேண்டும்? வாரிசுரிமையை முடிவு செய்வது குடியுரிமைச் சட்டம் அல்ல. இந்துக் குடும்பம் என்றால் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம். சொத்துக்காரரைக் கொலை செய்தவர் போன்ற சிலரை அந்தச் சட்டமே பெயர் சொல்லி விலக்குகிறது. அப்படி விலக்கியவர்களைத் தவிர வேறு எந்தக் காரணத்துக்காகவும் யாரும் வாரிசுரிமை இழக்க மாட்டார் என்று 28ஆம் பிரிவு அறுதியிட்டுச் சொல்கிறது. அந்தக் காரணங்களில் வெளிநாட்டுக் குடியுரிமை இல்லை. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கான 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமோ, இறந்தவர் எந்த நாட்டில் வேரூன்றியிருந்தாலும் இந்தியாவில் உள்ள அசையாச் சொத்து இந்தியச் சட்டப்படியே இறங்கும் என்கிறது. இதற்கெல்லாம் மேலே அரசியலமைப்பின் 300ஏ பிரிவு நிற்கிறது. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எவருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்ற அந்தப் பாதுகாப்பு குடிமக்களுக்கு மட்டும் என்று சுருக்கப்படவில்லை.

"வாரிசாக வரலாம், ஆனால் வெளிநாட்டுக்காரர் விவசாய நிலத்தை வைத்திருக்கக் கூடாதே" என்று அடுத்த மறுப்பு வரும். 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், 6ஆம் பிரிவு, 5ஆம் உட்பிரிவைப் படித்தால் இந்த மறுப்பும் நிற்காது. இந்தியாவில் வசித்தபோது வாங்கிய சொத்தையும், இந்தியாவில் வசித்தவரிடமிருந்து வாரிசாகப் பெற்ற சொத்தையும், வெளிநாட்டில் வசிப்பவர் வைத்திருக்கலாம், விற்கலாம். நஞ்சை, புஞ்சை, வீடு என்று அந்தப் பிரிவு பேதம் பார்க்கவில்லை. 2019 அக்டோபரில் வந்த மத்திய அரசின் விதிகளும், வெளிநாடுவாழ் இந்தியரும், வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ கார்டு உள்ளவரும் எந்த அசையாச் சொத்தையும் வாரிசுரிமையாகப் பெறலாம் என்கின்றன. விவசாய நிலத்துக்குத் தடை இருப்பது விலைக்கு வாங்குவதிலும் தானமாகப் பெறுவதிலும்தான். வாங்குவது வேறு, தகப்பனிடமிருந்து இறங்குவது வேறு. இந்த இரண்டையும் குழப்புவதில்தான் வதந்திக்காரர்களின் பிழைப்பே நடக்கிறது.

குழப்பத்துக்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, இந்தியக் குடிமகன் அல்லாதவர் ரிசர்வ் வங்கியின் அனுமதி இல்லாமல் இங்கே நிலம் வாங்கவோ வைத்திருக்கவோ விற்கவோ கூடாது என்றது. அந்தக் காலத்தில் பத்திரம் எழுதப் பழகியவர்கள் சொன்னதைத்தான் இன்றும் பலர் ஒப்பிக்கிறார்கள். அந்தச் சட்டம் ரத்தாகி, 2000 ஜூன் 1 முதல் புதிய சட்டம் நடைமுறையில் இருக்கிறது. கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் அளித்த ஒரு தீர்ப்பையும் சிலர் எடுத்து வீசுவார்கள். பெங்களூர்ச் சொத்து ஒன்றை வெளிநாட்டவர் ஒருவர் 1977இல் அனுமதி பெறாமல் தானம் செய்தது செல்லாது என்றது அந்தத் தீர்ப்பு. அது பழைய 31ஆம் பிரிவைப் பற்றியது. ஏற்கெனவே முடிந்துபோன பரிமாற்றங்களைக் கிளற வேண்டாம் என்றும் அதே தீர்ப்பு சொல்லியிருக்கிறது. இன்றைய வாரிசுப் பங்குக்கு அதைக் காட்டுவது தீர்ப்பைப் படிக்காதவர் வேலை. "அரசு எடுத்துக்கொள்ளும்" என்ற பயத்துக்குச் சிலர் 1968ஆம் ஆண்டின் எதிரிச் சொத்துச் சட்டத்தைத் துணைக்கு அழைப்பார்கள். அது பாகிஸ்தானுக்கும் சீனாவுக்கும் போய் அந்நாட்டுக் குடிகளானவர்கள் விட்டுப்போன சொத்துக்கானது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகள் யாருக்கும் எதிரி அல்ல.

இந்தப் பொய் இரண்டு வழிகளில் குடும்பங்களைக் கெடுக்கிறது. பதிவான விடுதலைப் பத்திரம் லேசில் அவிழாது. ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் பாரம் கையெழுத்துப் போட்டவர் தலையில் விழும். அந்த ஏமாற்று தெரிய வந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குத் தொடுத்தாக வேண்டும். இரண்டாவது கேடு இன்னும் கொடியது. பிள்ளையின் பங்கு போய்விடக் கூடாதே என்று பதறும் தகப்பன், உயிரோடு இருக்கும்போதே தோட்டத்தை வெளிநாட்டு மகன் பெயருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிவிடுகிறார். சட்டம் தடுப்பது இதைத்தான். வெளிநாட்டில் வசிப்பவர் விவசாய நிலத்தைத் தானமாகப் பெறக் கூடாது. அதே நிலத்தை அதே மகனுக்கு உயிலாக எழுதி வைத்திருந்தால், அவருக்குப் பின் தடையில்லாமல் இறங்கியிருக்கும். இல்லாத ஆபத்துக்குப் பயந்து உண்மையான மீறலில் போய் விழுகிறார்கள்.

"நிலத்தை உழுது, கடன் கட்டி, அப்பா அம்மாவைக் கடைசிவரை பார்த்தவன் நான். ஊருக்கே வராதவனுக்குச் சமபங்கா?" என்று கேட்கும் அண்ணனின் ஆதங்கம் நியாயமானது. அதற்கு நேர்வழிகள் இருக்கின்றன. தகப்பன் தான் சம்பாதித்த சொத்தை விரும்பியவருக்கு உயில் எழுதலாம். உடன்பிறந்தார் விவரம் தெரிந்து, மனமொப்பி விட்டுக்கொடுக்கலாம். பங்குக்கு விலை பேசிக் கொடுத்து வாங்கலாம். பெருந்தன்மையைக் கேட்டுப் பெறுவதில் இழிவு ஒன்றுமில்லை. சட்டத்தின் பெயரால் பொய் சொல்லிப் பெறுவது திருட்டு.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. ஓசிஐ கார்டு இருந்தால் தோட்டம் வாங்கலாமா? முடியாது. விவசாய நிலம், எஸ்டேட், பண்ணை வீடு மூன்றும் விலக்கு. கொடைக்கானலில் வீடு வாங்கலாம், காப்பித் தோட்டம் வாங்க முடியாது. இந்திய பாஸ்போர்ட்டோடு துபாயில் வேலை பார்ப்பவருக்கு இந்தத் தடை உண்டா? உண்டு. வேலைக்காக வெளிநாடு போய்த் தங்கியவர், குடியுரிமை இந்தியாவுடையதே ஆனாலும், செலாவணிச் சட்டத்தின் கணக்கில் வெளிநாட்டில் வசிப்பவர்தான். அப்படியானால் மச்சான் பெயரில் வாங்கிப் போடலாமே என்பார்கள். அது பினாமி. 2016ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு நிலம் பறிமுதலாகலாம், ஓராண்டு முதல் ஏழாண்டு வரை சிறையும் கிடைக்கலாம். முறைப்படி அங்கீகாரம் பெற்ற வீட்டு மனையைத் தாராளமாக வாங்கலாம். ஆனால் புஞ்சையில் கல் ஊன்றி வர்ணம் பூசிவிட்டால் அது மனையாகிவிடாது. இலங்கை உட்படச் சில நாடுகளின் குடிமக்களுக்கு விதி கடுமையானது. ஓசிஐ இல்லாத நிலையில், ஐந்தாண்டுக்குட்பட்ட குத்தகையைத் தாண்டி எதற்கும் அவர்கள் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி பெற வேண்டும். பன்னிரண்டு வருஷம் ஊர்ப்பக்கம் வராவிட்டால் பங்கு போச்சு என்பதும் வெறும் பேச்சு. பங்காளி ஒருவரின் அனுபோகம் எல்லாப் பங்காளிகளுக்காகவும்தான். மற்றவர் உரிமையை வெளிப்படையாக மறுத்து ஆண்டிருந்தால் ஒழிய அது மாறாது.

ஊன்றிச் சொல்ல வேண்டியது மகள்களைப் பற்றி. இந்த வதந்தி அவர்களைத்தான் அதிகம் குறிவைக்கிறது. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் அன்று மணமாகாத மகள்களுக்கும், 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தத்தால் எல்லா மகள்களுக்கும், கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்கு நிகரான பங்கு வந்தது. அது பிறப்பிலேயே வருகிற உரிமை என்றும், அதற்குத் தகப்பன் 2005இல் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்றும் உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 11 அன்று உறுதி செய்தது. பிறப்பில் வந்த உரிமை, பிற்பாடு வாங்கிய வேறு நாட்டுக் கடவுச்சீட்டால் எப்படி அழியும்? இருந்தும் வாரிசுச் சான்றுக்கு மனுப் போடும்போது வெளிநாட்டில் கட்டிக்கொடுத்த மகளின் பெயரை விட்டுவிடுகிற வழக்கம் நிற்கவில்லை. "அது எங்க வரப்போகுது" என்று அதற்கு ஒரு சமாதானம் வேறு.

பெற்றோரே, வாய்ப்பேச்சுப் பாகத்தை நம்பாதீர்கள். யாருக்கு என்ன என்று உயில் எழுதி, இரண்டு சாட்சி வைத்து, பதிவும் செய்துவிடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களே, எந்தப் பத்திரத்திலும் கையெழுத்திடும் முன் வில்லங்கச் சான்றும் பட்டாவும் எடுத்துப் பாருங்கள்; எதிர்த்தரப்புக்கு எழுதாத வேறொரு வழக்கறிஞரிடம் பத்திரத்தைக் காட்டுங்கள். வர முடியாதவர்கள் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பவரை நம்பிக்கையானவருக்கு அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். வாரிசாக வந்த விவசாய நிலத்தை விற்பதானால் இந்தியாவில் வசிக்கும் இந்தியருக்கே விற்க முடியும். விற்க மனமில்லை என்றால் வைத்துக்கொள்ளுங்கள். யாரும் கேட்க முடியாது.