செய்மதித் தொலைக்காட்சி: நலிந்த சைகையை அளத்தல்

அறிந்திருக்க வேண்டியவை
தொலைக்காட்சிச் செய்மதி மத்திய கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 35,786 கிலோமீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து வரும் நுண்ணலைச் சைகை வீட்டை அடையும்போது மிகவும் நலிந்துவிடும். பரவளைவுக் கிண்ணம் அதனைக் குவியத்தில் சேர்க்கும். குவியத்திலுள்ள எல்.என்.பி. அதனை விரியலாக்கி, மீடிறனைக் குறைத்து, வடத்தினூடாக வாங்கிக்கு அனுப்பும்.

பலம், தரம்: வேறுபாடு
வாங்கியின் திரையில் இரு கோல்கள் தெரியும்.
1. பலம்: வந்துசேரும் மொத்த வலு. இதில் இரைச்சலும் அடங்கும். எனவே கிண்ணம் வெறும் வானத்தை நோக்கினாலும் பலம் ஓரளவு காட்டும்.
2. தரம்: சைகை இரைச்சலை விட எவ்வளவு மேலோங்கியுள்ளது, தரவில் வழுக்கள் எவ்வளவு என்பவற்றைப் பொறுத்தது.

ஆகவே கிண்ணத்தைத் திசைப்படுத்தும்போது தரத்தையே பார்க்க வேண்டும். சிறிது சிறிதாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் சில செக்கன்கள் பொறுத்திருக்க வேண்டும். இக்கோல்களின் சதவீதம் நியம அலகன்று. இரு வேறு வாங்கிகளின் வாசிப்புகளை ஒப்பிடலாகாது. நியம ஒப்பீட்டுக்குத் தெசிபெல் பயன்படும்.

மாதிரி வினா
60 சென்ரிமீற்றர் விட்டமுள்ள கிண்ணத்தில், தெளிந்த வானில் சைகை–இரைச்சல் விகிதம் 9 தெசிபெல். படம் தோன்ற 7 தெசிபெல் தேவை. மழையால் விகிதம் 4 தெசிபெல் குறைகிறது.
(அ) மழையில் படம் தெரியுமா?
(ஆ) 90 சென்ரிமீற்றர் கிண்ணம் பொருத்தினால்?

விடை
(அ) 9 − 4 = 5. இது 7 இலும் குறைவு. படம் தெரியாது.
(ஆ) பரப்பளவு விகிதம் = (90 ÷ 60)² = 2.25
2.25 இன் மடக்கை = 0.3522
அதிகரிப்பு = 10 × 0.3522 ≈ 3.5 தெசிபெல்
மழையில் விகிதம் = 9 + 3.5 − 4 = 8.5. இது 7 இலும் கூடியது. படம் தெரியும்.

கவனிக்க
“பூஸ்டர் பொருத்தினால் போதும்” என எழுதுவது பிழை. அது சைகையுடன் இரைச்சலையும் சேர்த்தே விரியலாக்கும், விகிதம் கூடாது. நீண்ட வடத்தில் ஏற்படும் இழப்பை ஈடுசெய்யவே அது உதவும். விகிதத்தைக் கூட்டப் பெரிய கிண்ணம், சரியான திசை, இரைச்சல் குறைந்த எல்.என்.பி. என்பனவே வழி.

பயிற்சி
1. விட்டம் 60 இலிருந்து 120 சென்ரிமீற்றராகினால் அதிகரிப்பு எத்தனை தெசிபெல்? (4 இன் மடக்கை = 0.6021)
2. பலம் 80%, தரம் 0% எனின் முதலில் எதனைச் சரிபார்ப்பீர்? காரணம் தருக.

விடைகள்: 1. ஏறத்தாழ 6 தெசிபெல். 2. கிண்ணத்தின் திசை, காட்டும் பலம் வெறும் இரைச்சலாக இருக்கலாம்.