பத்திரத்தில் ஒரு வரி

மகனுக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தபின் ஒருவேளைச் சோற்றுக்குக் காத்திருக்கும் முதியோரை நாம் அறிவோம். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் (2007) 23ஆம் பிரிவு அத்தகையோர்க்கே உரியது. பராமரிக்கும் நிபந்தனையோடு சொத்தைப் பெற்றவர் அதில் தவறின், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். அவ்வலுவலகம் நம் கோபியிலேயே உள்ளது.

நிபந்தனை எழுதப்படாவிடின்? அது இருந்தமையை மெய்ப்பித்தல் வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2022இல் கூறியது. முதியோர்க்கு அரணாகவே இச்சட்டத்திற்குப் பொருள் கொள்க என 2025இல் கூறியது. 'அன்பினால்' என்னும் வழக்கமான சொல் வழக்காடவே உதவும். தள்ளாத வயதில் வழக்காடுவது எளிதோ? ஆதலின், மாணவர்களே, ஆயுள் உள்ளளவும் உணவு, உறையுள், மருத்துவம் அளிக்கும் வரி பத்திரத்தில் உளதா எனக் கையொப்பத்திற்கு முன்னரே பெரியோர்க்குப் படித்துக் காட்டுங்கள்.

உயிலையோ, எழுதியவர் வாழும்வரை மாற்றலாம். முஸ்லிம் சட்டப்படி மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்படின் வாரிசுகளின் இசைவு வேண்டும்.