பின்னச்சில் எண்ணெய்க் கசிவு

1948ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமானது லேண்ட்ரோவர் வண்டி. பின்னர் நம் நாட்டுத் தோட்டங்களிலும் அது நெடுங்காலம் உழைத்தது. கிள்ளான் பள்ளத்தாக்கின் ரப்பர்த் தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. எனினும், அப்பழைய வண்டிகளுள் சில இன்னும் நாட்டில் ஓடுகின்றன. அவற்றில் அடிக்கடி நேரும் குறையொன்றை இம்மாதம் ஆராய்வோம்.

பின்சக்கரத்தின் உட்புறத்தில் எண்ணெய் வழிந்திருந்தால், "குறைந்ததை ஊற்றினால் போதும்" என்று சிலர் கருதுவர். அது தவறு. கசியும் எண்ணெய் டிரம்மினுள் புகுந்து பிரேக் பட்டையை நனைத்துவிடும். நனைந்த பட்டை பிடிக்காது. மேட்டிலிருந்து இறங்கும் வண்டியில் அமர்ந்திருப்போர் நம் தோழர்களல்லவா?

காரணம் யாது?

அச்சுக் கூட்டினுள் ஏறத்தாழ 1¾ லிட்டர் கியர் எண்ணெய் உள்ளது. வண்டி ஓடும்போது உள்ளிருக்கும் காற்று சூடேறி விரியும். அது வெளியேறுவதற்காகக் கூட்டின் மேற்புறத்தில் மூச்சுத் துளை ஒன்று உண்டு. செம்மண் அதனை அடைத்துவிட்டால், அழுத்தம் மிகுந்து எண்ணெய் ஆயில் சீலைத் தாண்டி வெளிவரும். சூடான அச்சு ஓடைநீரில் இறங்கினால், உட்காற்று சுருங்கி நீரை உள்ளே இழுக்கும், எண்ணெய் பால்நிறமாகும். தேய்ந்த சீலும், அளவுக்கு மீறி ஊற்றிய எண்ணெயும் பிற காரணங்களாம்.

ஆகவே, முதலில் மூச்சுத் துளையைத் தூய்மை செய்க. இதனைச் செய்யாவிடில் புதிய சீலும் கசியும்.

சீரமைக்கும் முறை

1. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுக்கவும். இவ்வண்டியின் கைபிரேக் சக்கரத்தைப் பிடிப்பதன்று. கியர்ப் பெட்டியின் பின்னுள்ள தண்டையே பிடிக்கும். ஒரு பின்சக்கரம் உயர்ந்ததும் அது வண்டியை நிறுத்தி வைக்காது.

2. ஜாக்கியை மட்டும் நம்பாது, அச்சின்கீழ் உறுதியான தாங்கி வைக்கவும்.

3. சக்கரம், டிரம், உள்தண்டு, குடம் ஆகியவற்றை முறையே கழற்றவும். டிரம்மிலுள்ள தூசியை வாயாலோ காற்றாலோ ஊதலாகாது. பழைய பட்டைகளில் நுரையீரலுக்குத் தீங்கான ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைக்கவும்.

4. பழைய சீலை அகற்றி, அது உராயும் வளையத்தை விரலால் தடவிப் பார்க்கவும். பள்ளம் விழுந்திருப்பின் வளையத்தையும் மாற்றவும். புதிய சீலின் உதடு எண்ணெய் இருக்கும் பக்கம் நோக்கியிருக்க வேண்டும்.

5. எண்ணெயில் ஊறிய பட்டையைக் கழுவிப் பயனில்லை. இரு பின்சக்கரங்களிலும் ஒருசேரப் புதியன பொருத்துக. ஒருபுறம் மட்டும் மாற்றினால், பிரேக் போடுகையில் வண்டி ஒருபக்கமாக இழுக்கும்.

6. எண்ணெயை நிரப்பும் துளையின் விளிம்புவரை மட்டும் ஊற்றவும்.

குடத்தின் பேரிங்கை அளவாக இறுக்குவது பயிற்சி பெற்ற மெக்கானிக்கின் பணி. ஆனால், கசிவைக் கண்டவுடன் அறிவிப்பது வண்டியில் ஏறும் ஒவ்வொருவராலும் இயலும். காலையில் புறப்படுமுன் சக்கரங்களின் உட்புறத்தை ஒருமுறை குனிந்து பார்ப்போமாக.

பயிற்சி வினாக்கள்

1. மூச்சுத் துளை அடைபட்டால் எண்ணெய் கசிவது ஏன்?
2. ஒரு பின்சக்கரத்தை உயர்த்தும்போது கைபிரேக்கை நம்பலாகாது, ஏன்?