சனிக்கிழமை போகாதீர்கள்: மட்டாஞ்சேரி ஜூதப்பள்ளி

கொச்சிக்குக் கிளம்பும்போது சனி, ஞாயிறு பார்த்துத்தான் டிக்கெட் போடுவோம். மட்டாஞ்சேரி யூதர் ஆலயத்துக்கு அந்தக் கணக்கு உதவாது. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தது முதல் சனிக்கிழமை இரவு வரை யூதர்களுக்கு ஓய்வுநாள். அடுப்பு மூட்டக் கூடாது, காசைத் தொடக் கூடாது. வெள்ளி பிற்பகலே ஆலயத்தை அடைத்துவிடுவார்கள். யூதப் பண்டிகைகளுக்கும் அப்படித்தான். மற்ற நாட்களில் மதிய இடைவேளை உண்டு என்பதால் காலையிலேயே போய்விடுங்கள்.

எறணாகுளத்திலிருந்து ஃபோர்ட் கொச்சிக்குப் படகு, அங்கிருந்து ஆட்டோ. ‘ஜூ டவுன்’ என்றால் போதும். தெருவெல்லாம் மசாலாக் கடை, பழம்பொருள் கடை. அங்கே சிக்கினால் அரை நாள் போய்விடும், முதலில் ஆலயம். தெருக்கோடியில் நிற்கும் மணிக்கூண்டை 1760இல் எசக்கியேல் ரகாபி என்ற வணிகர் கட்டினார். ஹீப்ரு, ரோமன், மலையாளம் என முகத்துக்கு முகம் எண்கள் மாறும்.

அரைக்கால் சட்டை, கையில்லாத மேலாடை வேண்டாம். செருப்பை வெளியே விட வேண்டும். பிற நாட்டு யூதர்கள் பெரும்பாலும் காலணியோடுதான் ஆலயத்துக்குள் போவார்கள். வெறுங்காலோடு நுழைவது கேரள யூதர்களின் வழக்கம். அதனால் நமக்கு ஒரு லாபம்: 18ஆம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து வந்த நீல ஓடுகளின் குளிர்ச்சி பாதத்தில் ஏறும். ஒன்றுபோல் ஒன்று இல்லை என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். குனிந்து பார்த்தால் அதே காட்சிகள் திரும்பத் திரும்ப வருவது தெரியும். ஆனால் கையால் வரைந்தவை. கிளையின் வளைவு ஓட்டுக்கு ஓடு மாறும். நடுவில் பித்தளைக் கம்பி போட்ட மேடை. யூத வேதமான தோராவின் சுருள்கள் உள்ள பேழை மேற்குப் பக்கம், ஜெருசலேமை நோக்கி.

1568இல் கட்டிய ஆலயம் இது. இடம் கொடுத்தவர் கொச்சி அரசர். அதுவும் தன் அரண்மனைக் கோயிலை ஒட்டியே. அதற்கும் ஐந்தாறு நூற்றாண்டு முன்பு, ஏறத்தாழ 1000ஆம் ஆண்டில், பாஸ்கர ரவிவர்மன் என்ற சேர மன்னன் ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்குச் செப்பேடு வழங்கினான். பல்லக்கு, குடை, பகல்விளக்கு, தோரணம் என்று 72 உரிமைகள். எழுத்து நம் வட்டெழுத்து. மொழியும் தமிழருக்கு அந்நியமாக இருக்காது.

ஆனால் விருந்தோம்பலை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது பாதிக் கதை. இந்த ஆலயத்தின் பெயர் ‘பரதேசி’. அதாவது வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுடையது. ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்திலிருந்து வந்த இவர்கள், அடிமை வழி வந்தவர்கள் என்று ஒதுக்கிய யூதர்களை உள்ளே சமமாக உட்காரவிடவில்லை. ஊரின் சாதி, வந்தவர்களையும் பற்றிக்கொண்டது. ஒதுக்கப்பட்ட அந்தக் குடும்பங்களில் பிறந்த வழக்கறிஞர் ஏ. பி. சேலம், காந்தியின் வழியில் ஆலயத்துக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்தார். ‘யூத காந்தி’ என்று பெயர் வாங்கியவர். ஓடுகளைப் பார்த்த கண்ணோடு கடைசி வரிசையையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

முழுமையான கூட்டு வழிபாட்டுக்கு வயதுவந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும் என்பது மரபு. எத்தனை பெரிய செல்வந்தர் ஆனாலும் ஒன்பது பேர் என்றால் ஒன்பதுதான். 1950களில் கேரள யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். இங்கே அந்தப் பத்துப் பேரை உள்ளூரிலேயே சேர்க்க இன்று வழியில்லை. இதைத் தெரிந்துகொண்டு உள்ளே போனால் காலி பெஞ்சுகள் வேறு மாதிரி தெரியும். படம் எடுக்குமுன் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

இன்னொரு நாள் கையில் இருந்தால் வடக்குப் பறவூருக்குப் பேருந்து ஏறுங்கள். பரதேசிகள் வருமுன்பே கேரளத்தில் இருந்த மலபார் யூதர்களின் ஆலயம் அங்கே இப்போது அருங்காட்சியகம். மட்டாஞ்சேரியைப் பார்க்கிற கூட்டத்தில் கால்வாசிகூட அங்கே வருவதில்லை. நிதானமாகப் பார்க்கலாம்.